‘போர்ட் பண்ணித் தாறேன்’ என்று வருகிறவரிடம் கவனமாக இருங்கள்

குமரி மாவட்டத்தில், முக்கியமாகத் தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம், மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். போர்ட் என்றால், கட்டிய வருடங்கள் விட்டுப்போகாமல் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றுவது. வீட்டில் வயதான அப்பா அம்மா பெயரில் பாலிசி இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாவின் பெயரில் 2018 முதல் 5 லட்ச ரூபாய்க்கு ஒரு பாலிசி இருந்தது. ஒரு வருடம்கூட விடாமல் பிரீமியம் கட்டினோம். 2020-ல் அம்மாவுக்குச் சர்க்கரை வந்தது. பாலிசி எடுத்த பிறகு வந்த நோய் என்பதால் அந்தக் கம்பெனியில் அது ஒரு பிரச்சினையே இல்லை. 2024-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஏஜென்ட் வந்தார். கல்யாணம், அடியந்திரம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறவர், அம்மாவை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். “அக்கா, வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணித் தாறேன். பிரீமியம் கொறவு, பழைய வருசமெல்லாம் அப்படியே கூட வரும். நான் பாத்துக்கிடுகேன்” என்றார். சர்க்கரை இருப்பதை அவரிடம் சொன்னோம். மாத்திரை டப்பா மேசைமேல்தான் இருந்தது. “அதெல்லாம் எழுதியிருக்கேன்” என்று சொல்லி, செக்கை வாங்கிக்கொண்டு போனார்.

2025-ல் அம்மாவுக்கு மார்பில் கட்டி. நாகர்கோவிலில் பயாப்சி எடுத்தோம், புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கேஷ்லெஸ்ஸுக்கு (பில்லைக் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டுவது) அனுப்பியதும் கம்பெனி பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் கேட்டது. டாக்டர் எழுதிய குறிப்பில் ‘ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி கேஷ்லெஸ்ஸை மறுத்தார்கள். கொஞ்ச நாளில் பாலிசியையே ரத்து செய்து கடிதம் வந்தது. புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். விண்ணப்பத்தில் பொய் இருந்தால் எந்த நோய்க்கும் தர மாட்டோம் என்பதுதான் பதில்.

கடிதம் வந்த பிறகு விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. அது போர்ட்டே இல்லை. அம்மா அன்றுதான் முதன்முதலாகக் காப்பீடு எடுப்பது போலப் புத்தம்புதுப் பாலிசி. சர்க்கரை, பிரஷர், முன்பு எடுத்த சிகிச்சை என்று எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’. பழைய பாலிசி உண்டா என்ற கேள்விக்கும் ‘இல்லை’. கைபேசி எண்ணும் ஈமெயிலும் அந்த ஏஜென்டுடையவை. கம்பெனி விவரம் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தால், பேசியது அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பழைய பாலிசி வேறொரு ஏஜென்டின் பேரில் இருந்தது, அதைப் புதுப்பித்தால் இவருக்குக் கமிஷன் கிடையாது. புதுசு பிடித்தால் உண்டு. இதற்காகத்தான் அம்மாவின் ஆறு வருடத்தை அழித்தார்.

அந்த ஆறு வருடத்தின் மதிப்பு பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒருவர் 60 மாதம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்துவிட்டால், அதன்பின் ‘நோயைச் சொல்லவில்லை’ என்று கூறிக் கம்பெனி க்ளெய்மை, அதாவது சிகிச்சைப் பணம் கேட்கும் கோரிக்கையை, மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு இது 8 வருடமாக இருந்தது. ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம்தான். ஒழுங்காக போர்ட் செய்தால் இந்த வருடங்கள் எல்லாம் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குப் புதுக் கம்பெனியிலும் கணக்கில் வரும். தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் புதிதாகக் காத்திருக்க வேண்டும். அம்மா பழைய கம்பெனியிலேயே இருந்திருந்தாலும், நியாயமாக போர்ட் ஆகியிருந்தாலும், அந்த மருத்துவமனைப் பில்லில் இப்படிக் கைவிரித்திருக்க முடியாது. அம்மாவின் வளையல்கள் அடகில் இருக்கின்றன. மழை விடாமல் பெய்ததால் ரப்பர் பால்வெட்டும் நடக்கவில்லை. அந்த மாதங்களை எப்படித் தாண்டினோம் என்று எழுதக் கை வரவில்லை.

ஏஜென்டைக் கேட்டதற்கு, “கம்பெனிதான் மாத்திப் போட்டுது” என்றார். பிறகு போனை எடுப்பதில்லை.

இதே நிலையில் யாராவது இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம். மறுப்பை வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள், பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். க்ளெய்மை ஒரு அலுவலர் தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது, கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன், இவர் கம்பெனி ஆள் இல்லை) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம்: சிகிச்சை கேரளாவில் நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் இடத்தை வைத்துச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலேயே புகார் தரலாம். ஆன்லைனிலும் அனுப்பலாம். நாங்கள் பழைய பாலிசியின் எல்லா ரசீதுகளையும், படிவத்தில் உள்ள போன் எண் ஏஜென்டுடையது என்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். விசாரணை இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் ஒருவர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருகிறேன், 5,000 ரூபாய் கொடுங்கள் என்று வந்தார். நோய் வந்த வீட்டை இவர்கள் எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. அந்த அட்டைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். சேரப்போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், நம்மில் பாதிப்பேர் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குத்தான் வைத்தியத்துக்குப் போகிறோம்.

சிகிச்சைக்கு ரயிலில் போய் வருகிற புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழ் படிவத்தை டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏஜென்ட் இன்னும் அதே பையோடு வீடுவீடாகப் போகிறார். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியர் வீட்டுக்குப் போயிருக்கிறார், அதனால்தான் இதை இன்று எழுதுகிறேன். போர்ட் என்றால் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் படிவத்தில் உங்கள் போன் எண், உங்கள் நோய்கள், பழைய பாலிசி எண் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். பணம் கட்டும் முன் பழைய கம்பெனிக்கே போன் செய்து, போர்ட் கோரிக்கை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கனவே மாற்றிவிட்டவர்கள் இன்றே பாலிசியை எடுத்து, முதன்முதலில் சேர்ந்த தேதி என்று எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதில் பழைய வருடம் இல்லை என்றால், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழைய பாலிசி புதுப்பிக்கும் தேதி கடந்து 30 நாள் ஆகவில்லை என்றால் அதையும் பிரீமியம் கட்டி உயிர்ப்பித்துவிடலாம்.