பிஸ்டுலா கையில டேப் அரிப்பு: 5 வருஷம் பட்டு தெரிஞ்சுக்கிட்டது

டயாலிசிஸ் ஆரம்பிச்சு 5 வருஷம் முடிஞ்சு போச்சு. வாரம் 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், இடது கையில பிஸ்டுலா. பௌத்திரத்தையும் பிஸ்டுலான்னு தான் சொல்வாங்க, நான் சொல்றது அது இல்ல, டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக தமனியையும் சிரையையும் சேத்துத் தைச்சு விடுவாங்களே அது, மேல விரல வச்சா எங்கயோ தள்ளி கிரைண்டர் ஓடுற மாதிரி புர்ருன்னு இருக்கும்.

முதல் 8 மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஊசி குத்துற இடத்தச் சுத்தி செவப்பு, பொடிப்பொடியா கொப்புளம், ராத்திரி எல்லாம் அரிப்பு. யூனிட்ல யாரக் கேட்டாலும் "கிட்னி பேஷண்ட்னா அரிக்கத்தாண்ணே செய்யும், ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறியிருக்கும்"னு ஒரே பதில். நானும் நம்பிட்டேன். பாஸ்பரஸ் அரிப்பும் எனக்கு உண்டு, ஆனா அது முதுகு, காலுன்னு ரெண்டு பக்கமும் வரும், தோல்ல சொறிஞ்ச கோடு தவிர வேற ஒண்ணும் தெரியாது. இது அப்படி இல்ல, ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி நீள நீளமா பட்டை பட்டையா செவந்திருக்கு. அது டேப் ஒட்டுன அச்சுன்னு முதல்ல கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரம்மா தான், டாக்டர் இல்ல.

அதுக்குள்ள நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். மெடிக்கல்ல கேட்டதும் படை, சொறி எல்லாத்துக்கும் ஒரே ட்யூப்னு ஒண்ணு குடுத்தாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுச்சு, விடாம 2 மாசம் தடவுனேன். உள்ள இருந்தது ஸ்ட்ராங் ஸ்டீராய்டு. விடாம போட்டா தோல் மெலிசாயிடும். பிஸ்டுலா மேல இருக்கற தோல் மெலிஞ்சா ரத்தம் பீறிடுற ஆபத்து இருக்குன்னு அப்புறம் தோல் டாக்டர்கிட்ட போனப்ப நல்லா திட்டு வாங்குனேன்.

அவர் என் முதுகுல பேட்ச் டெஸ்ட், அதாவது எது அலர்ஜின்னு பாக்க ஒவ்வொரு பொருளையும் கொஞ்சமா தோல்ல ஒட்டி வைக்கற டெஸ்ட், போட்டு 2 நாள் குளிக்காம விட்டு, எடுத்துப் பாத்து, மறுபடி 2 நாள் கழிச்சும் பாத்தாரு. பைன் மரத்துப் பிசின் அலர்ஜி. வயலின் வில்லுல தேய்ப்பாங்களே, அதே பிசின் தான். பழைய துணி பிளாஸ்டர் பலதுல பசைக்கு அதச் சேப்பாங்களாம். எனக்கும் வயலினுக்கும் ஏழாம் பொருத்தம், ஆனா அலர்ஜி மட்டும் வந்து சேந்துச்சு.

இனி டேப் கதை. துணி பிளாஸ்டர் பிடிமானம் பிரமாதம், ஆனா உரிச்சா முடி, மேல்தோல் எல்லாம் சேந்து வரும், எனக்கு அது அன்னியோட முடிஞ்சுது. பேப்பர் டேப் 4 வருஷமா ஓடுது, அரிப்பு முக்காவாசி போச்சு, வேர்த்தா மட்டும் ஓரம் தூக்கும். சிலிக்கான் டேப் விலை ரொம்ப ஜாஸ்தி, ஆனா உரிக்கறப்ப வலியே தெரியாது, அடடான்னு சந்தோஷப்பட்டு யூனிட்டுக்கு எடுத்துட்டுப் போனா டெக்னீசியன் தம்பி ஊசிக்கு போட மாட்டேன்னுட்டான். அவன் சொன்னது நியாயம். பிடிமானம் கம்மி, ரத்தம் திரும்ப உள்ள வர்ற ஊசி நழுவுனா நிமிஷத்துல நிறைய ரத்தம் போயிடும், மெஷின் அலாரம் எல்லா நேரமும் அடிக்காது. அதனால ஊசிக்கு பேப்பர் டேப், முடிஞ்சப்புறம் பஞ்சு மேல மட்டும் சிலிக்கான். அதையும் வீட்டுக்கு வந்து சாயங்காலத்துக்குள்ள கழட்டிடுவேன், முன்னெல்லாம் மறுநாள் காலை வரைக்கும் ஒட்டியே கெடக்கும்.

இன்னொண்ணு, பெட்டடைன், ஊசி குத்தறதுக்கு முன்னாடி தடவுற கிருமிநாசினி. தடவுன ஈரம் காயறதுக்கு முன்னாடி டேப்ப ஒட்டுனா அடியில மாட்டிக்கிட்டு தோலப் பொசுக்குது. காலை ஷிப்ட்ல அவசர அவசரமா ஒட்டுவாங்க, நான் இப்ப வெக்கமில்லாம "தம்பி காயட்டும்பா"ன்னு கையப் பிடிச்சுக்கறேன். தேங்காண்ணெய், மாய்ஸ்சரைசர் எல்லாம் டயாலிசிஸ் இல்லாத நாள்ல மட்டும், அதுவும் ஊசி ஓட்டை ஆறுனப்புறம், பொருக்க நகத்தால பேக்காம. டயாலிசிஸ் அன்னிக்கு எண்ணெய் இருந்தா டேப் நிக்காது, சோப்பு போட்டு கை கழுவிட்டுத் தான் உக்காரணும். ஒரே எடத்துல குத்தாம ஏணிப்படி மாதிரி தள்ளித் தள்ளி குத்தச் சொன்னதுலயும் தோலுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைச்சுது.

எல்லாத்தையும் அலர்ஜின்னு நினைக்கவும் கூடாது. போன வருஷம் ஒரு தடவ செவப்பு டேப் பட்டைக்கு வெளிய பரவி, தொட்டா சூடா, வலியா இருந்துச்சு, லேசா குளிர் காய்ச்சல் வேற. அரிப்பு இல்ல, அதான் சந்தேகம் வந்துச்சு. க்ரீம் எதுவும் தேடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன், இன்பெக்‌ஷன், மெஷின்ல போடறப்பவே ஆன்டிபயாடிக் ஏத்துனாங்க. சீழ் வந்தாலும், புர்ருங்கற சத்தம் குறைஞ்சாலும் அப்படித்தான் ஓடணும்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது அக்னி நட்சத்திரம். முழங்கை மடிப்புல வேர்வையோட பேப்பர் டேப் ஊறி அந்த ஒரு இன்ச்ல மட்டும் வருஷா வருஷம் கொப்புளம் வந்துடுது. மே மாசம் ஏசி பக்கத்து பெட்டுக்கு ஒரு சண்டையே நடக்கும், போன தடவ ஜெயிச்சேன்.