பூங்கா உணவகத்தில் சைக்கிளை எங்கே நிறுத்துவது? நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிறு சாயங்காலம் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்த பிறகு குச்சியில் கோத்த சாத்தே இறைச்சி சுடும் வாசனை காற்றில் வந்தால், கால் தானாக நின்றுவிடும். இறங்கிய உடனே வரும் கேள்வி: வண்டியை எங்கே விடுவது?

கடலைத் தூர்த்து உருவாக்கிய இந்தப் பூங்கா கரையோரமாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் நெடுகச் சைக்கிள் பாதை ஓடுகிறது. வாடகைச் சைக்கிளில் குடும்பமாக வருகிறவர்கள், கைபேசிச் செயலியால் பகிர்வுச் சைக்கிளைத் திறந்துகொண்டு வருகிறவர்கள், சேமித்து வாங்கிய சொந்த வண்டியில் வருகிறவர்கள் என்று மூன்று வகையினரும் ஒரே உணவகத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வைக்கக்கூடிய நான்கு ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முன்சக்கர இடுக்கா, வளைவுக் கம்பியா?

முன்சக்கரத்தை மட்டும் இடுக்கில் செருகும் ஸ்டாண்டைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். நிர்வாகங்களுக்கு அது பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே துண்டாக வந்து இறங்கும், தரையைத் தோண்ட வேண்டாம், பத்து இடுக்கு இருந்தால் பத்து வண்டிக்கு இடம் என்று கணக்கும் காட்டலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்து இடுக்குகளில் இரண்டு வண்டியை விட்டுப் பாருங்கள், ஹேண்டில் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று விட்டு ஒன்றுதான் நிரம்பும். பத்து ஐந்தாகிவிடும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. வண்டியை நிமிர்த்திப் பிடிப்பது அந்த ஒரு சக்கரம் மட்டும்தான். யாராவது இடித்தாலோ காற்று தள்ளினாலோ வண்டி பக்கவாட்டில் சாயும், ரிம் வளையும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் சக்கரத்தில் உள்ள பிரேக் தட்டு கோணும். ஒரு பூங்கா உணவகத்தில் எனக்கே இது நடந்தது. அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வந்தால், பக்கத்து வண்டி என் வண்டிமேல் சாய்ந்து கிடந்தது. பிரேக் தட்டு உரசும் சத்தத்தோடு வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன். பூட்டு விஷயத்திலும் இதே கதைதான். முன்சக்கரத்தை மட்டுமே பூட்ட முடியும். கையாலேயே கழற்றும் சக்கரம் என்றால், திருடன் அதை விட்டுவிட்டு மீதி வண்டியைக் கொண்டுபோகலாம்.

வளைவுக் கம்பி என்பது ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து நட்டது போல இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயரால் ஷெஃபீல்டு ஸ்டாண்ட் என்பார்கள். ஏறக்குறைய 75 செ.மீ. உயரம், அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல் நீளம். வண்டியின் ஃபிரேம் இரண்டு இடங்களில் அதன்மேல் சாய்வதால் விழாது. ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரு கம்பிக்கு இரண்டு வண்டி. கம்பிக்குக் கம்பி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். அதைக் குறைத்துக் கூடுதலாக ஒன்றை நுழைத்தால், மறுபடி ஹேண்டில் சண்டைதான்.

இதில் செலவு உண்டு. காங்கிரீட்டில் நட வேண்டும். கடற்கரை என்பதால் சாதாரண இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத எஃகு தேவை. குடும்பங்கள் வரும் இடத்தில் சில கம்பிகளுக்குத் தாழ்வாக ஒரு குறுக்குக் கம்பியும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சிறு பிள்ளைகளின் வண்டி சாய்வதற்கு எதுவும் இருக்காது. இவ்வளவு இருந்தும், என் தேர்வு சந்தேகமே இல்லாமல் இதுதான்.

மற்ற இரண்டு

இரண்டடுக்கு ஸ்டாண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குச் சரி. காலையில் விட்டுவிட்டு இரவில் எடுக்கிறவர்கள் அங்கே அதிகம். சாப்பிட வந்தவர், கையில் குழந்தையோடு, வண்டியை மேல் தட்டுக்குத் தூக்க மாட்டார்.

தரையில் மஞ்சள் கட்டம் வரைந்து, அதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்வது நான்காவது வழி. பகிர்வுச் சைக்கிள்கள் 2017இல் சிங்கப்பூருக்கு வந்தபோது நடைபாதையெல்லாம் வண்டியாகக் கிடந்தது. 2019 ஜனவரியிலிருந்து, நிறுத்துமிடத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முறையாக முடியும். செய்யாவிட்டால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல் கட்டணம். அந்த வண்டிகளுக்கு ஸ்டாண்டும் பூட்டும் அவற்றிலேயே இருப்பதால் கட்டம் போதும். சொந்த வண்டிக்காரருக்கு அது பயன்படாது. ரோட் பைக் எனும் பந்தய வகைச் சைக்கிளில் சைட் ஸ்டாண்ட் இருக்காது, கட்டத்தில் பூட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. அதனால் கட்டத்தைக் கம்பிக்கு மாற்றாக நினைக்காமல், கம்பிக்குப் பக்கத்தில் வரைய வேண்டும்.

பின்பக்கமா, கண்ணெதிரிலா?

எந்த ஸ்டாண்ட் என்பதைவிட எங்கே என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வழக்கமாகக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைக்கும். சாப்பிடும் மேசையிலிருந்து வண்டி தெரியாது. வண்டி தெரியாத இடத்தில் யாரும் நிம்மதியாக உட்கார மாட்டார்கள், அதைத் தள்ளிக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பக்கத்திலேயே சாய்ப்பார்கள். அப்புறம் தட்டு தூக்கி வரும் ஊழியர்தான் தடுமாற வேண்டும்.

வருகிற வழியையும் இதுவே தீர்மானிக்கிறது. ஸ்டாண்ட் பின்பக்கம் இருந்தால், சைக்கிள் பாதையிலிருந்து அங்கே போக மேசைகளையும் நடப்பவர்களையும் கடக்க வேண்டும். ‘இறங்கித் தள்ளவும்’ என்ற பலகை அப்போதுதான் தேவைப்படுகிறது. பலர் அதை மதிக்கிறார்கள், சிலர் மதிப்பதில்லை. சைக்கிள் பாதையில் 25 கி.மீ. வேகம் வரை போகலாம், நடைபாதையில் 10தான். அந்த வேகத்திலிருந்து இறங்கி வருகிறவரும், சூடான சூப்போடு திரும்புகிறவரும் ஒரே இடுக்கில் சந்திக்கும்படி எதற்கு வைக்க வேண்டும்? சைக்கிள் பாதை இருக்கும் பக்கத்திலேயே, கடைசி மேசைக்குப் பத்து மீட்டர் தள்ளி ஸ்டாண்டை வையுங்கள். சில மீட்டர் கிளைப்பாதை போதும். பலகைக்கு வேலையே இருக்காது. சேரும் இடத்தில் கரைக்கல்லைத் தாழ்த்திச் சரிவாக்கினால், சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் அதே வழி உதவும்.

அந்தப் பக்கம் இடமில்லை என்பார்கள். ஒரு கார் நிற்கும் கட்டம் 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். அவ்வளவு இடத்தில் நான்கு கம்பி நட்டால் எட்டுச் சைக்கிள் நிற்கும். புல்தரை ஓரத்தில் அந்த அளவு இடம் இல்லாத பூங்கா உணவகத்தை நான் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்று ஓர் உணவகம் கேட்டால், நான் சொல்வது இதுதான்: பாதைப் பக்கம் நான்கு வளைவுக் கம்பி, அவற்றில் ஒன்றுக்குத் தாழ்வான குறுக்குக் கம்பி, மேலே ஒரு விளக்கு. மஞ்சள் கட்டம் வேண்டுமென்றால் பூங்கா நிர்வாகத்திடம் கேட்டுப் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். கூரை அடுத்த ஆண்டு போடலாம். மழை பெய்தால் சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு ஏறிக்கொள்கிறோம்.