அப்பா காலுக்கு ஆஞ்சியோ பண்ண ஆஸ்பத்திரி, எங்க அனுபவம்

மதுரையில சுகர் பேஷண்ட் காலுக்குன்னே தனி ஓபி வச்சிருக்க ஒரு ஆஸ்பத்திரி, அப்பாவ அங்க 9 நாள் அட்மிட் பண்ணிருந்தோம். குறையும் சேத்து எழுதறதால பேர் போடல. 5க்கு 4 குடுப்பேன்.

அப்பாவுக்கு 67 வயசு, சுகர் வந்து 18 வருஷம், பீடியும் உண்டு. இடது கட்டைவிரல் ஓரத்துல செருப்பு உரசி சின்னதா ஒரு கொப்புளம், வலியே இல்ல, அதனாலயே யாரும் பெருசா எடுத்துக்கல. எங்க ஊர் கிளினிக்ல ஒன்றரை மாசம் கட்டு மேல கட்டு, ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி குடுத்தாங்க, கடைசில நுனி கறுத்துப்போயி விரல எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. அந்த ஒன்றரை மாசத்துல ஒருத்தர்கூட கால்ல நாடி தொட்டுப் பாக்கல. இத டைப் பண்ணும்போதும் எனக்கு வயிறு எரியுது.

இங்க வந்த முதல் நாளே நர்ஸ் அக்கா ஒருத்தங்க அப்பாவ கண்ண மூடச் சொல்லிட்டு மெல்லிசா ஒரு நைலான் இழையால பாதத்துல அங்கங்க அழுத்திட்டு வந்தாங்க. அப்பா கண்ண மூடிக்கிட்டே "ஆரம்பிம்மா"ங்கறாரு. அவங்க அதுக்குள்ள ஒரு கால் முழுக்க தொட்டு முடிச்சிட்டாங்க. அப்பதான் அவருக்கு ஏன் வலிக்கலன்னு எங்களுக்கே புரிஞ்சுது.

அடுத்து கை பிரஷரையும் கணுக்கால் பிரஷரையும் ஒப்பிட்டுப் பாக்கற ஏபிஐ டெஸ்ட். 0.9க்கு கீழ போனா அடைப்புன்னு சொல்வாங்க, அப்பாவுக்கு 1.45 வந்துச்சு, நான் நல்ல ரிசல்ட்னு சந்தோஷப்பட்டேன். டாக்டர் உடனே, ரொம்ப நாள் சுகர் இருந்தா ரத்தக்குழாய் சுவத்துல கால்சியம் படிஞ்சு குழாய் அமுங்காது, அதனால இந்த நம்பர் பொய்யா ஏறும், 1.4க்கு மேல வந்தா நம்பவே கூடாதுன்னு சொல்லி கால் விரல்லயே பிரஷர் பாக்கச் சொன்னாரு. அது 28. 30க்கு கீழ இருந்தா புண்ணு ஆறவே கஷ்டமாம். ரத்த ஓட்டத்தப் பாக்கற டாப்ளர் ஸ்கேன்ல முழங்காலுக்கு கீழ மூணு குழாய்ல ரெண்டு அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுது. அந்த நேரம் விரல எடுத்திருந்தா வெட்டின இடமும் ஆறியிருக்காது, அடுத்து பாதம், அப்புறம் முழங்கால்னு போயிருக்கும்.

சுகர் அப்ப 340, கடைசி ரெண்டு மூணு மாச சராசரி சுகரக் காட்டற எச்பிஏ1சி 10.4. மாத்திரைய நிறுத்திட்டு இன்சுலின் போட்டாங்க, ஆஞ்சியோவுக்கு, அதாவது குழாய் அடைப்ப படம் பிடிச்சு பாத்து திறக்கறதுக்கு, குழாய் தெரியறதுக்காக போடற டை கிட்னிய பாதிக்கலாம்ங்கறதால கிரியாட்டினின்ங்கற கிட்னி டெஸ்ட் பாத்துட்டுத்தான் தேதியே குடுத்தாங்க. தொடை இடுக்குல மட்டும் மரத்துப்போற ஊசி, உள்ள பலூன் விட்டு ஒரு குழாய திறந்துட்டாங்க, அப்பா முழிச்சிக்கிட்டேதான் இருந்தாரு. முடிஞ்சதும் 6 மணி நேரம் கால மடக்காம படுக்கணும், அதுதான் அவருக்கு பெரிய பாடு. சாயங்காலம் நான் பாதத்தத் தொட்டப்ப வெதுவெதுப்பா இருந்துச்சு, ரெண்டு மாசமா ஜில்லுனு இருந்த கால் அது, அங்கேயே அழுதுட்டேன்.

இப்ப குறை. ராத்திரி 8 மணிக்கு இன்சுலின் போட்டுட்டாங்க, சாப்பாடு வந்தது 9:15. அப்பாவுக்கு வேர்த்துக்கொட்டி கை நடுங்கி, செக் பண்ணா சுகர் 62. குளுக்கோஸ் உடனே குடுத்து சரி பண்ணாங்க, ஆனா சாப்பாடு கைக்கு வந்தப்புறம் ஊசி போடணும்ங்கறது இவங்களுக்குத் தெரியாத விஷயமா? ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான். பில் கவுன்டர்ல காப்பீட்டுத் திட்டத்துக்கு பேப்பர் ஏத்தறதுலயும் ஒரு நாள் முழுக்க அலைய விட்டாங்க.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு டயட்டீஷியன் மேடம் அரை மணி நேரம் உக்காந்து பேசினாங்க. பலூன் வச்சு திறந்த குழாய் சுகர் ஏறிக்கிட்டே இருந்தா, பீடி விடலன்னா மறுபடி அடைச்சிடும்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. பிரிட்டன்ல சுகர் பேஷண்ட்டுங்கள வருஷக்கணக்கா பாத்த யுகேபிடிஎஸ்ங்கற ஆய்வுல எச்பிஏ1சி 1 சதவீதம் குறைஞ்சா கால் எடுக்கற நிலைமையும் கால் ரத்தக்குழாய் நோயால வர்ற சாவும் 43 சதவீதம் குறைவா இருந்துச்சாம். ராத்திரி மூணு இட்லி, சாம்பார்ல காய் நிறைய, சோறு ஒரு கப்னு வீட்டுல நடக்கற மாதிரிதான் சொன்னாங்க, அதனாலதான் அப்பா கேக்கறாரு.

கூடவே சுகர் பேஷண்ட்டுக்குன்னு மெத்துனு ரப்பர்ல செய்யற எம்.சி.ஆர் செருப்பு ஒண்ணு அளவெடுத்து குடுத்தாங்க, பின்னாடி வாரோட. பாக்க அழகில்ல, வீட்டுக்குள்ளயும் அதத்தான் போடறாரு. ரத்தம் கட்டிக்காம இருக்க அஸ்பிரின், குளோபிடோக்ரல், அப்புறம் கொழுப்பு மாத்திரை தினமும் நடக்குது. நாலு மாசத்துல எச்பிஏ1சி 7.6, கறுத்த நுனி மட்டும் உதிர்ந்துச்சு, விரல் அப்படியே இருக்கு.

போறவங்க காலை 7 மணிக்கே டோக்கன் போட்டுடுங்க, 9க்கு மேல போனா மதியம் ஆயிடும். பழைய ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ் கையில வச்சுக்கோங்க, கீழ இருக்க ஜெராக்ஸ் கடை லேட்டாத்தான் திறக்கறாங்க.