வைஃபையா, ஜிக்பியா: மலையக வீட்டுக்கு எது சரி?

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இணையம் இல்லாத நேரத்தில் இந்தச் சாமான் வேலை செய்யுமா? மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும், கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் 4ஜி சிக்னலும் போய்விடுவதும் நமக்குப் பழகிப்போனவை. அதனால் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

வைஃபை சாமான்களுக்குத் தனியாக ஹப் (எல்லாச் சாமான்களையும் இணைத்து நடத்தும் நடுப்பெட்டி) வேண்டாம், விலையும் குறைவு. ஸ்மார்ட் லைஃப் போன்ற ஒரு செயலியில் சேர்த்துவிடலாம். இணைப்பதில் வரும் பெரிய தொல்லை, இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் இயங்குவதுதான். ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் இணைப்பு பாதியில் நின்றுவிடலாம். ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, போனை 2.4இல் வைத்துச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நம் கேள்விக்கு வைஃபையின் பதில் திருப்தியாக இல்லை. மலிவான சாமான்களில் பலவற்றுக்குக் கட்டளை வெளிநாட்டுச் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. இணையம் போனால் சாமானில் உள்ள பட்டனை அழுத்தலாம், நாம் போட்டுவைத்த தானியங்கி ஏற்பாடுகளில் பல நின்றுவிடும். இரண்டு மூன்று பிளக் போதும் என்பவருக்கு இது பரவாயில்லை.

வீடு முழுக்கச் செய்ய நினைத்தால், சாமான்கள் வைஃபை இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறைந்த மின்சார ரேடியோ முறையான ஜிக்பிதான் என் தேர்வு. சென்சார் ஹப்போடு பேசுகிறது, ஹப் பல்போடு பேசுகிறது. நல்ல ஹப்பாக இருந்தால் எல்லாமே வீட்டுக்குள் முடிந்துவிடும். கரண்டில் ஓடும் ஜிக்பி பிளக்குகள் பெரும்பாலும் சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தவும் செய்யும். பழைய துரை பங்களாக்களின் தடித்த கற்சுவரைத் தாண்டி வைஃபை குசினிவரை வராத இடத்தில், நடுவே ஒரு ஜிக்பி பிளக் வைத்தால் ஜிக்பி சிக்னல் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வேலையைப் பல்பிடம் ஒப்படைக்காதீர்கள். யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் அதை நம்பியிருந்த சென்சார்களும் தொடர்பை இழக்கலாம்.

லயத்தில் சிக்கல் வேறு மாதிரி. காம்பரா சின்னது, தூரம் பிரச்சினையில்லை. ஆனால் ஒட்டிய சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டு ரூட்டர், அதற்கு அடுத்து இன்னொன்று. ஜிக்பியும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் 11 முதல் 26 வரையான சானல்களில் இயங்குகிறது. வைஃபை வழக்கமாக 1, 6, 11 சானல்களில் இருப்பதால் ஜிக்பிக்கு 15, 20, 25இல் ஒன்று ஓரளவு ஒதுக்குப்புறம். இதை முதல் சாமானைச் சேர்க்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்; பிறகு மாற்றினால் பலவற்றைத் திரும்பச் சேர்க்க நேரும்.

ஹப்பில் இரண்டு வழி. ஒரு கம்பனியின் பெட்டியை வாங்கினால் அமைப்பது சுலபம், ஆனால் பெரும்பாலும் அவர்கள் ஆதரிக்கும் சாமான்களோடு நிற்க வேண்டும். இன்னொரு வழி, 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருள். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலோ பழைய கணினியிலோ போட்டு, ஜிக்பி சிக்னலை வாங்கி அனுப்பும் ஒரு யுஎஸ்பி டொங்கிள் செருகினால் பல கம்பனிச் சாமான்கள் ஒரே இடத்தில் வரும். வீட்டில் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க ஒருவர் இருந்தால் இதையே எடுங்கள். டொங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டில் நேரே செருக வேண்டாம். அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸைக் கெடுக்கும். ஒரு மீற்றர் நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது பழுதாகலாம், ஆகவே கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிரைவும், கரண்ட் போனால் பேட்டரியில் ஓடவைக்கும் சின்ன யுபிஎஸ்ஸும் அவசியம். ரூட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

சேர்க்கும்போது கரண்டில் ஓடுபவற்றை முதலில் சேருங்கள். பிறகு பேட்டரி சென்சாரை அது இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேருங்கள். அப்புறம் பல்புகளில், கரண்ட் திரும்பும்போது எந்த நிலைக்கு வரவேண்டும் என்ற அமைப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி கரண்ட் வந்ததும் வீடு முழுக்க வெளிச்சமாகிவிடும்.

ஜிக்பி போன்ற இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் நமக்கு வேண்டாம். ஐரோப்பாவுக்கு ஒரு அலைவரிசை, அமெரிக்காவுக்கு இன்னொன்று என்று பிரிந்திருப்பதால் தெரியாமல் வாங்கினால் ஹப்போடு சேராது. 2022 ஒக்டோபரில் வந்த மேட்டர், பல கம்பனிச் சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதற்கான பொது முறை; அது நல்ல வழி, வீட்டுக்குள்ளேயே இயங்குகிறது. வைஃபை பிளக்தான் வாங்குவதென்றால் மேட்டர் குறி உள்ளதைப் பாருங்கள், அதன் கியூஆர் குறியைப் படம் எடுத்து வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் கீசரை (தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரை) ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் பிளக் உருகிவிடலாம், 16 என்று எழுதிய மலிவான பிளக்கையும் நான் நம்பமாட்டேன். மின்சார வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, அதிகக் கரண்டைத் தாங்கும் சுவிட்சான கொண்டாக்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். அவர் வந்த கையோடு சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது, அப்படியென்றால் நியூட்ரல் தேவைப்படாத ஸ்மார்ட் சுவிட்சைத்தான் வாங்க வேண்டும்.