272 பைட் கசிவு: மறைப்பதா, கருவியை மாற்றுவதா, இழையைச் சேர்ப்பதா?

இழைகள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) கொண்ட லினக்ஸ் நிரலை, நினைவகக் கசிவை, அதாவது கேட்டு வாங்கி விடுவிக்காத நினைவகத்தைப் பிடிக்கும் கருவியான வால்கிரைண்டின் மெம்செக்கில் ஓட்டியவர்களுக்கு இந்தப் புகார் பழக்கமானது: ஒரு தொகுதி, 272 பைட், 'இழந்திருக்கக்கூடும்'. எது எதை அழைத்தது என்று காட்டும் தடத்தைப் பார்த்தால் நினைவகத்தைக் கேட்டது நாமல்ல. இழையை உருவாக்கும்போது லினக்ஸின் அடிப்படை C நூலகமான கிளிப்சி (glibc) கேட்டிருக்கிறது.

ஒவ்வோர் இழைக்கும் அதன் தனி மாறிகளைத் தேடித்தர ஓர் அட்டவணை வேண்டும். 64 பிட் கணினியில் ஒரு கட்டம் 16 பைட். 17 கட்டங்கள் என்றால் 272. தனி மாறிகள் வைத்திருக்கும் நூலகம் இன்னொன்று சேர்ந்தால் 288. கிளிப்சி முதல் கட்டத்தில் நீளத்தை எழுதிவிட்டு, இரண்டாவது கட்டத்தின் முகவரியைத்தான் வைத்துக்கொள்கிறது. தொகுதியின் தலைக்குச் சுட்டி (முகவரியை வைத்திருக்கும் மாறி) இல்லை, உள்ளே மட்டும் இருக்கிறது. மெம்செக் 'கூடும்' என்று இழுப்பது இதனால்தான்.

சுலபமான வழி, எந்தப் புகாரைக் காட்ட வேண்டாம் என்று மெம்செக்குக்குச் சொல்லும் விலக்குக் கோப்பில் நான்கு வரி எழுதி வாயை அடைப்பது. ஆனால் இழையை உருவாக்கும் செயற்கூற்றின் பெயரைப் பதிப்புக் குறியோடு முழுதாக எழுதியிருந்தால், 2021இல் வந்த கிளிப்சி 2.34க்கு மாறியதும் அந்தக் குறி மாறிவிடும், விலக்கு பலிக்காது. பெயரின் முடிவில், குறி எதுவானாலும் பொருந்தும்படி, நட்சத்திரக் குறி வேண்டும். 'கூடும்' வகையையே மொத்தமாக மறைக்கும் தேர்வும் உண்டு. சோம்பேறித்தனம் என்பேன்.

தொகுக்கும்போதே நிரலுக்குள் சோதனைகளைச் சேர்க்கும் கருவியான அட்ரஸ் சானிடைசருக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே சுட்டும் சுட்டியையும் அது ஏற்றுக்கொள்ளும். வேகமும் அதிகம்: மெம்செக்கில் நிரல் 20, 30 மடங்கு மெதுவாகும், இதில் ஏறக்குறைய 2 மடங்குதான். ஆனால் நிரலை மறுபடி தொகுக்க வேண்டும். மதிப்பு எதுவும் கொடுக்காத மாறியைப் படிப்பதையும் அது பிடிக்காது. அந்த ஒன்றுக்காகவே மெம்செக்கை நான் விடுவதில்லை.

என் தேர்வு மூன்றாவது: முதன்மை இழை முடியுமுன் மற்றவை முடியும்வரை காத்திருந்து அவற்றைச் சேர்ப்பது (join). சேர்த்த இழைகளின் அட்டவணையைக் கிளிப்சி சேமிப்பில் வைத்திருந்தாலும், முடிவில் வால்கிரைண்ட் அதை விடுவிக்கச் சொல்லிவிடும், புகார் மறையும். பிறர் நூலகம் பின்னணியில் ஓட்டும் இழை நம் கைக்கு வராது. விலக்குக் கோப்பு அதற்கு மட்டும் போதும்.

அதற்கு முன் தொகுதி எண்ணிக்கையைப் பாருங்கள். வேலை முடிந்தும் யாரும் சேர்க்காத இழை, அட்டவணையையும் ஸ்டாக்கையும் (இழை வேலை செய்யும் நினைவகப் பகுதி) விடாமல் பிடித்திருக்கும். அப்போதும் அதே தடம், அதே 'கூடும்'; தொகுதி மட்டும் ஒன்றுக்குப் பதில் ஆயிரம். அது உண்மையான கசிவு. நட்சத்திரம் போட்ட அந்த நான்கு வரி அதையும் சேர்த்தே மறைத்துவிடும்.