வீட்டு ஒயினுக்கு எந்த ஏர்லாக்? மூன்று வகைகளைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

நான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் செங்காங்கிலுள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஸ்டோர் அறையில் கறுப்புத் திராட்சை ஒயினும் இஞ்சி ஒயினும் செய்து வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களுக்குக் கேக்கோடு சிறு கிண்ணத்தில் ஒயின் கொடுப்பது என் மனைவி வீட்டாரின் வழக்கம். அதை இங்கேயும் தொடர வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது. இதற்காக வாங்கிய பொருள்களில் மிக மலிவானதும், நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டதும் ஏர்லாக்தான்; நொதிக்கும் ஜாடியின் வாயில் பொருத்தி, வாயுவை வெளியே மட்டும் விடும் சிறு பூட்டு அது. எஸ் வடிவம், மூன்று துண்டு வகை, சிலிக்கான் வால்வு மூடி ஆகிய மூன்றையும் தலா ஒரு பருவமாவது பயன்படுத்திவிட்டேன். நம் வீடுகளுக்கு எஸ் வடிவமே பொருத்தம் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வருவதற்குள் ஒரு ஜாடி ஒயினை இழந்தேன்.

ஏர்லாக் செய்யும் வேலை எளியது. ஈஸ்ட் சீனியைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் ஏறத்தாழச் சம எடையில் வெளியிடுகிறது. ஒரு கிலோ சீனி முழுவதும் நொதித்தால் அரைக் கிலோ அளவுக்குக் கரியமில வாயு உண்டாகும். நம் அறை வெப்பத்தில் அது 250 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். நாலரை லிட்டர் ஜாடியை இறுக மூடி வைத்தால் கண்ணாடி தாங்காது. திறந்து வைத்தாலோ, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அசிட்டோபேக்டர் என்னும் பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். அதைக் காலில் சுமந்து வருபவை பழ ஈக்கள். வாழைப்பழத் தோலை மேசையில் விட்டால் அவை எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதைச் சிங்கப்பூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாயு வெளியே போகவும் காற்றும் ஈயும் உள்ளே வராமலிருக்கவும் ஏர்லாக்கில் ஒரு விரற்கடை நீர் காவல் நிற்கிறது. எறும்பு ஏறாதிருக்க அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் மாமியார் இந்தப் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துவிட்டு, “துணி கட்டினாப் போதுமே மாப்பிள்ளை, இருபத்தொரு நாள்ல வடிச்சிருவோம்லா?” என்று கேட்டார். அவர் பீங்கான் பரணியில் செய்யும் முறைக்கு அது சரியான கேள்விதான். முதல் சில நாள்களில் ஈஸ்ட் பெருகுவதற்குச் சிறிது ஆக்சிஜன் தேவை. அதன் பிறகு பொங்கி வரும் வாயுவே ஒயினின் மேல் போர்வையாகப் படர்ந்து காக்கிறது. மூன்று வாரத்தில் வடித்துப் பண்டிகைக்குள் குடித்து முடிக்கும் ஒயினுக்குத் துணி போதும். ஆனால் நொதித்தல் அடங்கியபின் மண்டி இறங்கித் தெளிவதற்காக மூன்று நான்கு மாதம் ஜாடியிலேயே வைக்க நினைத்தால், அந்த வாயுப் போர்வை நிலைக்காது. துணியின் வழியே காற்று புகுந்துவிடும். ஏர்லாக் உண்மையில் தேவைப்படுவது அந்த அமைதியான மாதங்களில்தான்.

நான் முதலில் வாங்கியது மூன்று துண்டு வகை. ஒரு குவளை, நடுவே நிற்கும் குழாய்மேல் கவிழும் சிறு தொப்பி, மேல்மூடி என்று கழற்றிவிடலாம். தூரிகையை விட்டுத் தேய்க்கலாம். சுத்தம் செய்வதில் இதற்கு இணை இல்லை. நொதித்தல் மும்முரமாக இருக்கும் முதல் வாரத்துக்கும் இது ஏற்றது. திராட்சைத் தோல் சிக்கினாலும் கழற்றிக் கழுவிப் பொருத்த ஒரு நிமிடம் போதும். அந்த வசதி இங்கே சிறிய விஷயமன்று. நான் பயன்படுத்தும் லால்வின் ஈசி-1118 ஈஸ்ட்டுக்குக் குறிக்கப்பட்டுள்ள வெப்ப எல்லை 10 முதல் 30 டிகிரி வரை. நம் வீடுகள் அந்த எல்லையின் உச்சியிலேயே இருப்பதால் குளிர்நாடுகளில் நிதானமாக நடப்பது இங்கே வேகமாக நடந்து நுரை கழுத்துவரை ஏறுகிறது. முதல் முறை ஜாடியை நிறைய ஊற்றிவைத்ததில் ஏர்லாக் அடைத்துக்கொண்டு தக்கையோடு பறந்தது. ஸ்டோர் அறையின் கூரையில் அந்தச் செந்நீலக் கறை வெள்ளையடிக்கும்வரை இருந்தது. இப்போது முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. இஞ்சி ஒயின் என்றால் முதல் மூன்று நாள்களுக்கு ஏர்லாக்குக்குப் பதிலாக ஒரு தடித்த குழாயைத் தக்கையில் செருகி, அதன் மறுமுனையை நீர்ப் போத்தலில் அமிழ்த்தி வைக்கிறேன்.

மூன்று துண்டு வகையின் குறை நொதித்தல் அடங்கிய பிறகே தெரிகிறது. பகலில் 30 டிகிரியில் இருந்த ஜாடியை, பத்திரமாக இருக்கட்டும் என்று, ஏர்கான் ஓடும் படுக்கையறைக்கு ஒரு மாலையில் மாற்றினேன். 30 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறங்கும்போது ஜாடியின் மேல்பகுதியிலுள்ள ஒரு லிட்டர் வாயு சுமார் 20 மில்லிலிட்டர் சுருங்கும். குளிர்ந்த திரவம் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்வதால் அழுத்தம் மேலும் குறையும். அளவுக்கோட்டைத் தாண்டி நான் நிரப்பியிருந்த நீர் தொப்பிக்குள் ஏறி, நடுக்குழாய் வழியே ஒயினுக்குள் இறங்கிவிட்டது. அந்த நீரில் இரண்டு பழ ஈக்கள் மிதந்துகொண்டிருந்ததை முந்தின நாள்தான் பார்த்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். காலையில் குவளை வறண்டு கிடந்தது. ஆறு வாரம் கழித்து அந்த ஜாடியைத் திறந்தபோது நெயில் பாலிஷ் நீக்கியின் வாடையும் காடியின் நெடியும் சேர்ந்து அடித்தன. நாலரை லிட்டரையும் கொட்டினேன்.

அளவாக நீர் ஊற்றிய எஸ் வடிவ ஏர்லாக்கில் இந்த விபத்து நேர்வதில்லை. வளைந்த குழாயின் இரு பக்கத்திலும் குமிழ்கள் இருப்பதால், வாயு வெளியேறும்போது நீர் ஒரு குமிழுக்குத் தள்ளப்படுகிறது. உள்ளே இழுப்பு ஏற்பட்டால் எதிர்க்குமிழுக்கு நகர்ந்து, காற்று மட்டும் குமிழியிட்டுக்கொண்டு உள்ளே போகிறது. சிறிது காற்று புகுவது நல்லதன்று என்றாலும் அழுக்கு நீர் புகுவதைவிட எவ்வளவோ மேல். பகலில் வெக்கையும் இரவில் ஏர்கானும் மாறி மாறி வரும் வீட்டில் இந்த ஒரு குணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது நன்மை, இது அழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது. குமிழி எதுவும் வராத நாளிலும் ஒரு பக்க நீர்மட்டம் மறுபக்கத்தைவிட அரை விரல் உயர்ந்து நின்றால், உள்ளே அழுத்தம் இருக்கிறது, அடைப்பும் சரியாக இருக்கிறது என்று அறியலாம்.

ஜாடியை நிரப்புவதற்கு முன் இதைக் கொண்டே கசிவைச் சோதிக்கிறேன். வெற்று ஜாடியில் தக்கையையும் நீர் ஊற்றிய எஸ் ஏர்லாக்கையும் பொருத்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை ஒரு நிமிடம் அணைத்துப் பிடித்தால், உள்ளே உள்ள காற்று சூடேறி ஓரிரு குமிழிகள் வெளிவரும். கையை எடுத்ததும் காற்று சுருங்கி நீர் எதிர்ப்பக்கம் ஏறும். ஏறி அங்கேயே நின்றால் தக்கை கசியவில்லை. சில நொடிகளில் மட்டம் சமமாகிவிட்டால் எங்கோ கசிகிறது. இப்படிப் பார்த்ததில் நான் வாங்கிய கறுப்பு ரப்பர் தக்கைகளில் ஒன்று தேறவில்லை. ஈரத்தோடு செருகினால் அது மெல்ல மேலெழும்பி வந்துவிடும். சிலிக்கான் தக்கைக்கு மாறி, கழுத்தையும் துடைத்து உலர்த்திய பிறகே செருகுகிறேன். எந்த வகை ஏர்லாக் வாங்கினாலும் தக்கை கசிந்தால் அதனால் பயனில்லை. காசை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் தக்கையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எஸ் வடிவத்துக்கும் குறை உண்டு. உள்ளே தூரிகை நுழையாது. ஒயின் நுரை ஏறிக் காய்ந்துவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து அலசுவதைத் தவிர வழியில்லை. கொதிநீரை ஊற்றினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். தண்டு மெல்லியது என்பதால் தக்கையில் திருகிச் செருகும்போது குமிழைப் பிடித்துத் தள்ளாமல் தண்டைப் பிடித்தே செருக வேண்டும்.

சிலிக்கான் வால்வு மூடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவிலுள்ள பிளவு அழுத்தத்தில் திறந்து தானே மூடிக்கொள்ளும், நீரே வேண்டாம் என்பதால் கவர்ச்சியாக இருந்தது. முதல் ஆண்டு குறையில்லை. இரண்டாம் ஆண்டில் என்னிடமிருந்த இரண்டில் ஒன்றின் பிளவு முழுதாக மூடவில்லை. ஒயினின் மேல் வெண்படலம் பூத்த பிறகுதான் அது தெரிந்தது. நீர்மட்டம் எதையும் காட்டாத பூட்டு பழுதானால் நமக்கு முன்கூட்டித் தெரிய வழியில்லை. ஒரு வாரத்தில் தயாராகும் ஊறுகாய்க்கு அது போதும்.

சீனர் கடைகளில் காய்கறி ஊறவைக்க விற்கும் ஜாடியையும் பார்த்திருப்பீர்கள்; கழுத்தைச் சுற்றி அகழிபோல் ஒரு விளிம்பு, அதில் நீர் ஊற்றி மூடியைக் கவிழ்ப்பார்கள். அதுவும் ஏர்லாக்கே, அழகான பொருளும்கூட. ஆனால் அந்த அகழி நீர் திறந்திருக்கிறது. இருபது காசு அளவு நீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிவரும் ஊரில், இரண்டு நாளுக்கொருமுறை அந்த நீரை மாற்றும் பொறுப்பை ஏற்க முடிந்தவர்கள் மட்டும் அதை வாங்கலாம்.

ஏர்லாக்கில் எதை ஊற்றுவது என்பதற்குப் பலரும் வோட்காவைச் சொல்வார்கள். இங்குள்ள மதுவரிக்கு அது கட்டுப்படியாகாது, ஏர்கான் அறையில் விரைவாக ஆவியாகியும் விடுகிறது. கொதித்து ஆறிய நீரில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்னும் கிருமிநாசினி உப்பைக் கரைத்து, வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். அதன் ஆவி நெடியடிக்கும்; ஆஸ்துமா உள்ளவர்கள் முகத்தருகே கொண்டுபோகக் கூடாது.

குமிழியை எண்ணி நொதித்தலின் நிலையை அறியலாம் என்று நம்ப வேண்டாம். ஏர்கானை நிறுத்திய பிற்பகலில், நொதித்து முடிந்த ஜாடியும் கரைந்திருந்த வாயுவை விட்டுக் குமிழியிடும். மாறாக, மூன்று நாள் அசைவற்றிருந்த ஓர் இஞ்சி ஒயினை, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்தபோது 1.030 காட்டியது. சீனி குறையக் குறைய இந்த எண் இறங்கும்; அது 1.090-இல் தொடங்கியது. பாதி வழி தாண்டியும் நொதித்தல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வாயு தக்கையோரம் கசிந்திருந்தது. முடிந்துவிட்டதென்று போத்தலில் அடைத்திருந்தால் போத்தல்கள் வெடித்திருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் விதியையும் மனத்தில் கொள்ள வேண்டும்: சொந்த உபயோகத்துக்கு மட்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்குள், செய்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், விற்கவோ காய்ச்சி வடிக்கவோ கூடாது. நாலரை லிட்டர் ஜாடி இரண்டு வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு எஸ் வடிவ ஏர்லாக் மூன்று, அவற்றில் ஒன்று மாற்றுக்கு. முதல் வாரத்துக்கு மூன்று துண்டு வகை ஒன்று. துளையிட்ட சிலிக்கான் தக்கை இரண்டு போதும். இணையத்தில் வாங்கினால் தக்கையின் அடி விட்டத்தையும் ஜாடிக் கழுத்தின் உள்விட்டத்தையும் மில்லிமீட்டரில் அளந்து ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள்.