அல்ட்ராசவுண்ட் ஜெல், சோப்பு, எண்ணெய்: திரும்ப திரும்ப ஊத்தி வெச்சுக்க எந்த பாட்டில் சுத்தம்?

போன மாசம் கடலூர் ஓ.டி.ல (ஓல்ட் டவுன்) ஒரு வீட்டுக்கு முட்டி வலிக்கு அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்ல, ஒலி அலையால குடுக்கற சிகிச்சை) குடுக்க போயிருந்தேன், மெஷின ஆன் பண்ணிட்டு ஜெல் பாட்டில எடுத்தப்ப அந்த பாட்டி கேட்டாங்க, "தம்பி, இந்த ஒரு பாட்டில்தான் எல்லார் வீட்டுக்கும் போவுதா?" ஆமாம்மான்னேன். "இத எப்பப்பா கழுவுவ?"

பதில் சொல்ல முடியல. நான் அத கழுவினதே இல்ல. கொறைய கொறைய வீட்ல இருக்கற 5 லிட்டர் கேன்லேருந்து மேலயே ஊத்திக்கிட்டு வந்துருக்கேன், அடியில கெடக்கறது எந்த மாசத்து ஜெல்லுன்னு எனக்கே தெரியாது. இது சின்ன விஷயம் இல்ல. 2012ல அமெரிக்காவுல ஒரு ஆஸ்பத்திரில நோயாளிங்களுக்கு சூடோமோனாஸ் தொற்று வந்து, எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா அல்ட்ராசவுண்ட் ஜெல்லுல இருந்துச்சு, 2021லயும் அங்க புர்கோல்டேரியான்னு இன்னொரு கிருமி ஜெல் மூலமா பரவிச்சு. அதெல்லாம் தயாரிப்புலயே கெட்டுப்போன ஜெல், பாட்டில்ல ஊத்தினதால வந்தது இல்ல, ஆனா ப்ரிசர்வேட்டிவ் (கெடாம இருக்க சேக்கற மருந்து) போட்ட ஜெல்லுக்குள்ளயும் கிருமி உயிரோட இருக்கும்னு அதுலயே தெரியுதுல்ல. லிக்விட் சோப்புக்கும் இதேதான், பாதி காலியான டிஸ்பென்சர்ல மேல ஊத்தாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே கை கழுவற வழிகாட்டில சொல்லுது.

அப்பறம் ஒரு மாசமா பாட்டில் பாட்டிலா வாங்கி ஓட்டிப் பாத்தேன். என் பையில நாலு ஐட்டம் போகும்: ஜெல், கை கழுவற சோப்பு, ஹேண்ட் ரப் (தண்ணி இல்லாம கைல தேய்க்கற ஆல்கஹால்), தேய்க்க தேங்காயெண்ணெய்.

முதல்ல எல்லார்கிட்டயும் இருக்கற 250 மிலி கூம்பு மூக்கு பாட்டில், ஜெல் கேனோட கூடவே வர்றது. ஒரு கையால அமுக்கலாம், விலையும் ஒண்ணும் இல்ல, பிடிக்கவும் வசதி. ஆனா அமுக்கிட்டு விட்ட உடனே பாட்டில் பழையபடி உப்பறதுக்கு காத்த உள்ள இழுக்கும் பாருங்க, அந்த இழுவையில மூக்கு நுனில என்ன ஒட்டிருக்கோ அதுவும் உள்ள போயிடும், வேர்வை, தோல் செதில், மெஷின் தலையில பட்ட பழைய ஜெல் எல்லாம். சாஸ் பாட்டில் மாதிரி நடுவுல கீறல் போட்ட சிலிகோன் வால்வ் வெச்ச மூடி போட்டா சொட்டறது நிக்குது, இழுக்கறது நிக்கல. ஊத்தறப்ப இன்னும் மோசம், கழுத்து சின்னதா இருக்கறதால கேன் பம்ப்போட குழாய உள்ள விட்டுத்தான் ஊத்தணும், அந்த குழாய் கழுத்துல தேச்சுட்டு திரும்ப கேன் பக்கம் போகுது. ஒரு பாட்டில் அழுக்கு 5 லிட்டருக்கும் ஏறிடலாம். இத்தனை வருஷத்துல இத நான் யோசிச்சதே இல்ல.

பம்ப் பாட்டில் வெளிய அழகா இருக்கும். ஊத்தறதுக்கு தலைய கழட்டினா உள்ள இருக்கற நீட்டு குழாய் சொட்ட சொட்ட வெளிய வருது, அத எங்க வைப்பீங்க? எல்லாரும் மேஜை மேலதான் வைக்கறோம், திரும்ப அப்படியே உள்ள விட்டுடறோம். பம்ப் தலைக்குள்ள இருக்கற ஸ்ப்ரிங்கு, பால் எதையும் பிரிச்சு கழுவ முடியாது. நுரை பம்ப் வேற மாதிரி சிக்கல், சாதாரண சோப்பு அதுல கெட்டியா இருக்கும்னு தண்ணி கலப்போம், சோப்போட சேந்து ப்ரிசர்வேட்டிவும் நீர்த்துப் போயிடுது, கிருமிக்கு அதைவிட வசதி வேணுமா. நுரை பம்ப்தான் வேணும்னா அதுக்குன்னே வர்ற சோப்பு வாங்குங்க, இல்லாட்டி ரெண்டு மூணு நாளைக்கு ஆகற அளவு மட்டும், காச்சி ஆறவெச்ச தண்ணில கலந்துக்கங்க.

ஏர்லெஸ் பம்ப் மேல எனக்கு பெரிய நம்பிக்கை இருந்துச்சு. கிரீமெல்லாம் வருதே, உள்ள குழாய் கெடையாது, அடியில ஒரு வட்டத் தட்டு மேல மேல ஏறி பொருள தள்ளும், வெளிக்காத்து பொருளுக்குள்ள போகவே போகாது. பயன்படுத்தறப்ப இதுதான் ரொம்ப சுத்தம், நானே ஒத்துக்கறேன். ஆனா காலியாச்சுன்னா அந்த தட்ட ஏதாவது குச்சியால கீழ தள்ளணும், குச்சி சுத்தமா இருக்கணும், ஜெல் ஊத்தறப்ப நடுவுல காத்து மாட்டிக்கிட்டா பத்து பன்னெண்டு தடவ அமுக்கினாலும் ஒண்ணும் வராது, தட்டோட ஓரத்துல ஒட்டின பழசு கழுவினாலும் போகாது. ஒரு தடவ பயன்படுத்தி தூக்கிப் போட செஞ்ச டிசைன் அது, ரீஃபில்லுன்னு எழுதி விக்கறாங்க.

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல சென்ட் ஊத்திக்கற குட்டி பாட்டில் கெடைச்சுது, அடியில வால்வ் வெச்சது. பெரிய சென்ட் பாட்டில் தலைய எடுத்துட்டு அந்த தண்டு மேல இத வெச்சு அமுக்கினா லைட்டருக்கு கேஸ் ஏத்தற மாதிரி ஏறிக்கும், ஒரு மூடியும் திறக்க வேணாம், ஒரு சொட்டும் சிந்தாது. ஊத்தற வேலைய மட்டும் வெச்சு பாத்தா இதான் முதல் இடம். ஆனா தண்ணி மாதிரி இருக்கற பொருள் மட்டும்தான் ஏறும், ஜெல்லு ஏறவே ஏறாது, உள்ள கழுவவும் வழி இல்ல. அதனால ஹேண்ட் ரப்புக்கு மட்டும் இந்த மாதிரி பாட்டில் சரி, 80% எத்தனால்ல எதுவும் வளராது. அதுலயும் ஒண்ணு இருக்கு, சில கிருமியோட வித்து (கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கற நிலை, ஸ்போர்) ஆல்கஹால்ல சாகாது, அதுக்குத்தான் உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலால கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு சேத்து, பாட்டில்ல ஊத்தினப்பறம் 72 மணி நேரம் தொடாம வைக்கச் சொல்றாங்க. நான் இப்ப புதன்கிழமை ஊத்தி ஞாயித்துக்கிழமை எடுக்கறேன். அக்ரிலிக் பாட்டில் வேணாம், ஆல்கஹால் பட்டா கோடு கோடா விரியும்.

இப்ப எனக்கு பிடிச்சதுக்கு வரேன். சில குழந்தை பால் பாட்டில்ல அடிப்பக்கமும் கழட்டற மாதிரி வருது, பாத்துருப்பீங்க. அதே யோசனைல ரெண்டு பக்கமும் திறக்கற பாட்டில் ஒண்ணு வாங்கினேன், மேல சின்ன மூக்கு, கீழ உள்ளங்கை அகலத்துக்கு மூடி. மூக்க மூடி தலகீழா நிக்க வெச்சு, அடியத் திறந்து, மேலேருந்து ஜெல்ல விடறேன், வாய் அவ்ளோ அகலம்ங்கறதால கேன் குழாய் எதுலயும் படாது, காத்து வெளிய போக எடம் இருக்கறதால குமிழி விடாது, மூக்குப் பக்கம் கையே போகாது. காலியானா பிரஷ் விட்டு தேச்சு, ரெண்டு பக்கமும் திறந்தே காய வெக்கலாம். அமுக்கறப்ப காத்து இழுக்கற குறை இதுலயும் இருக்கு, ஆனா வாரா வாரம் முழுசா கழுவ முடியுது, அதுதான் எனக்கு முக்கியம்.

காயறது நம்ம ஊர்ல பெரிய வேலை. ஐப்பசி கார்த்திகைல கடல் காத்துக்கு ராத்திரி கவுத்து வெச்சது காலைலயும் ஈரமா இருக்கும், ஒரு முழு நாள் விடணும். எங்க போர் தண்ணி உப்பு, அதுல கழுவி ஈரத்தோட ஜெல்ல ஊத்தினா ஜெல் தண்ணியா போயிடுது, கெட்டியாக்கற பொருளுக்கு உப்பு ஆகாது. கடைசியா ஒரு அலசு குடிக்கற கேன் தண்ணில போடுங்க. அடியில முக்கோணத்துல இருக்கற நம்பரையும் பாத்துக்கங்க, 5 போட்டிருந்தா கொதிக்கற தண்ணில போடலாம், 2 நல்ல சூடு தாங்கும், 1 போட்டது பெட் (PET) பிளாஸ்டிக், கொதி தண்ணி விட்டா சுருங்கிடும்.

இப்ப ரெண்டு செட் வெச்சிருக்கேன், ஒண்ணு பையில, ஒண்ணு கொடியில. மேல டேப் ஒட்டி ஊத்துன தேதி எழுதறேன், மிச்சம் இருந்தாலும் சனிக்கிழமை கொட்டிடறேன். போன வாரம் அந்த பாட்டிகிட்ட தேதிய காட்டினேன், கண்ணாடி போட்டு படிச்சிட்டுத்தான் கால நீட்டுனாங்க.

இன்னும் தீராத குறை எண்ணெய். அந்த அகல மூடியோட வாஷர் ஜெல்ல தாங்குது, சோப்ப தாங்குது, தேங்காயெண்ணெய் மட்டும் கடலூர்லேருந்து பாகூர் போறதுக்குள்ள கசிஞ்சு பையெல்லாம் ஆகிடுது, பஸ்ல படுக்கப் போட்டா இன்னும் மோசம். பாண்டி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் எஸ்டேட் பக்கம் மோல்டிங் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, மூடி உள்பக்கம் ஒரு மேடு வளையம் ஏத்தி எண்ணெய்க்கு தாங்கற வாஷர் போட்டா நிக்குமா, இல்ல மரையோட பிட்ச்சயே (மரை வரிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி) மாத்தணுமா?